ஏழு கொடத் தண்ணி, ஒரு பொடக்காலி

விடியால அஞ்சே முக்காலுக்கு எங்க அத்தை அரிசி களைவாங்க. மொதத் தண்ணி மாட்டுக்குக் கழனித் தொட்டியில, ரெண்டாந் தண்ணியும் மூணாந் தண்ணியும் அடுப்படி வாசல்ல வெச்சிருக்கற பச்சைக் கலர் பக்கெட்டுல. கீரை அலசுன தண்ணி, காயி கழுவுன தண்ணி, ராத்திரி பயறு ஊறப்போட்ட தண்ணி, கிரைண்டர் கல்லக் கழுவுனது, எல்லாமே அதே பக்கெட்டுக்குத்தான் வரும். அதுல சோப்புக் கையி படக்கூடாதுங்கறத என் சின்னவனுக்கு நடை பழகுன வயசுலயே சொல்லிக்குடுத்துட்டாங்க. இப்ப அவன் அஞ்சாவது படிக்கறான், மண்ணுல வெளையாண்டுட்டு வந்தான்னா மொதல்ல பச்சைப் பக்கெட்டுக்கு மேல கைய நீட்டி வெறுந்தண்ணியில அலசிட்டு அப்பறந்தான் சோப்புப் போட தொவைக்கற கல்லுக்குப் போவான்.

அந்த பக்கெட்டுல இருந்து எங்க பொடக்காலிக்கு என்ன போகுது, பொடக்காலியில இருந்து அடுப்புக்கு என்ன திரும்பி வருதுன்னு எழுதோணும் எழுதோணும்னு நெனச்சே ரெண்டு கோடை போயிருச்சுங்க. பொடக்காலின்னா ஊட்டுக்குப் பொறத்தால இருக்கற எடம், மத்த சீமையில கொல்லைப்பொறம்ங்கறாங்க, பொழக்கடைங்கறாங்க. எங்களுது ரெண்டு சென்ட்டுக்குள்ள தான் இருக்கும். ஒரு பக்கம் மாட்டுக்கொட்டாய், ஒரு பக்கம் தொவைக்கற கல்லு, நடுவுல ஒரு முருங்கை, ஒரு கருவேப்பிலை.

நாங்க இருக்கறது காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவுலங்க. இந்தப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட கொறங்காடு, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க ஒரு வெள்வேலா மரம், அது நெழலுல நாலு மாடு. பயிரு பண்றத விட மாடு மேய்க்கறதுக்குன்னே ஏற்பட்ட பூமி. மேக்க மலை மறிச்சுக்கறதால தென்மேற்குப் பருவ மழை எங்களுக்கு வராது, பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து மட்டும் வரும், ஆனி ஆடியில அது வேலியில காயப்போட்ட வேட்டிய எடுத்துட்டுப் போயிரும். ஐப்பசி மழை தான் எங்களுக்கு மழை. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கா எங்க தாலூக்காவுல ஓடுது, ஆனா எங்க காடு வாய்க்காலுக்கு மேட்டுல இருக்கு, எட்டாது. அதனால போர் தண்ணி, இல்லீனா மானத்துத் தண்ணி.

நான் காங்கேயத்துல ஒரு அரிசி மில்லுல கணக்கு எழுதறேன். பகலெல்லாம் மூட்டை, எடை, வரவு, பத்துன்னு நோட்டுலயும் கம்ப்யூட்டர்லயும் ஏத்தறவ தான், ஆனா சொந்தத் தோட்டத்துல கணக்கே போடாம எறங்கிட்டேன். 2024 தை மாசம். எங்கூட்டுக்காரருகிட்ட கேட்டு தோட்டத்துல பத்து சென்ட்டு வாங்கி, சொட்டுநீர்க் குழா இழுத்து, வெண்டை, கத்திரி, தக்காளி, பீர்க்கன், பொடலை, பாகல், சொரை, கொத்தவரை, மொளகான்னு என்னென்ன வெதை கெடச்சுதோ எல்லாத்தையும் போட்டேன். மாசி முழுக்க செடி பாக்க அவ்வளவு அழகு, மில்லுல இருந்து வந்ததும் பேக்க வெக்காமயே போயிப் பாப்பேன். பங்குனி பொறந்ததும் போர்ல தண்ணி விட்டு விட்டு வர ஆரம்பிச்சுது. மோட்டரப் போட்டா இருவது நிமிசம் தண்ணி, அப்பறம் காத்து. அந்த ஏப்ரல் ஞாபகம் இருக்குங்களா, ஈரோட்டுல 42 டிகிரியத் தாண்டுன மாசம். மாட்டுக்கும் மனுசருக்கும் தண்ணி வேணும், தென்னைக்கு உசுரு நிக்கோணும், அதுக்கு மேல காய்ச்செடிக்குக் கேக்க எனக்கு வாய் வரல. ரெண்டே வாரம். தக்காளி பூவெல்லாம் பொல பொலன்னு கொட்டிருச்சு, பீர்க்கங்கொடி நுனியில இருந்து காஞ்சுட்டே வந்து தூர்ல நின்னுது. பந்தல் கம்பிய நான் தனியாப் போயி கழட்டுனேன், யாரையும் கூப்புடல.

ஆனா பொடக்காலியில, தொவைக்கற கல்லுக்கு அக்கட்டால, அத்தை எப்பயும் போல அவங்க பாட்டுக்கு வெச்சிருந்த ஒரே ஒரு பீர்க்கங்கொடியும் ஆறு கத்திரிச் செடியும் பச்சைப் பசேல்னு நின்னுட்டு இருந்துச்சு. அன்னைக்குப் பொழுதோட அங்க உக்காந்துட்டு இருந்தப்ப அத்தை பக்கத்துல வந்து உக்காந்தாங்க. “ஏங்கண்ணு, தண்ணிய எண்ணிப்போட்டு வெதைய எடுக்கோணும். நீ வெதைய எடுத்துப்போட்டுத் தண்ணியத் தேடுன. நெலம் எத்தன சென்ட்டுங்கறது கோடையில கணக்கே இல்ல சாமி, எத்தன கொடங்கறது தான் கணக்கு.” அவ்வளவு தான் சொன்னாங்க. அதுக்கப்பறம் காஞ்சுபோன தோட்டத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசுனதில்ல.

அடுத்த வருசம் தை பொறந்ததும் ஒரு வாரம் ஒக்காந்து அளந்தேன். எங்கூட்டுல அஞ்சு பேரு. சோப்புப் படாத தண்ணி ஒரு நாளைக்கு எவ்வளவு கீழ போகுதுன்னு கொடத்துல ஊத்தி ஊத்திப் பாத்தேன். பிளாஸ்டிக் கொடம் 15 லிட்டர் புடிக்கும். அரிசி, பருப்பு, காயி, கீரை, கடைசியா பாத்திரம் அலசற தெளிஞ்ச தண்ணி, எல்லாஞ் சேத்து மூணு கொடம் வந்துச்சு. போர் தண்ணியில எந்தக் கோடையிலயும் கண்டிப்பாக் குடுக்க முடிஞ்சது நாலு கொடம்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரு. “மாமா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, சித்திரையிலயும் குடுக்க முடியுங்களா”ன்னு ரெண்டு தடவ கேட்டுட்டுத்தான் நோட்டுல எழுதுனேன். மொத்தம் ஏழு கொடம். குளிக்கற தண்ணியும் சோப்புத் தண்ணியும் வாழைக்கும் தென்னைக்கும் தனியாப் போயிரும், அது இந்தக் கணக்குல வராது.

ஏழு கொடத்துக்கு என்ன வெக்கலாம்? பீர்க்கன் ரெண்டு குழி, ஆளுக்கு ஒரு கொடம். அரசாணி, அதாங்க பரங்கிக்கா, ஒரு குழி, ஒரு கொடம். கத்திரி பன்னண்டு செடிக்கு ஒண்ணரைக் கொடம், வெண்டை இருவது செடிக்கு ஒண்ணரை. கொத்தவரை ஒரு சாலும் ஓரமா நாலு தட்டப்பயறும் சேந்து அரைக் கொடம், அதுகளுக்கு வேரு ஆழமா எறங்கறதால கொறச்சலா ஊத்துனாலும் கோவிச்சுக்காது. மிச்சம் அரைக் கொடம் ஒரு கட்டில் அகலத்துக்குக் கீரைப் பாத்திக்கு. அவ்வளவு தாங்க. கோடையில தக்காளி எங்கூட்டுல இனிமே கெடையாது, வெயிலு 35 டிகிரிக்கு மேல போச்சுன்னா பூவு பிஞ்சாகாமயே கொட்டிரும், அதுக்கு ஊத்தற தண்ணி அத்தனையும் வீணு. புளிப்புக்கு அந்த நேரத்துல மாங்கா இருக்கு, மாசி பங்குனியில உலுக்குன புதுப் புளி இருக்கு, அப்பறம் எதுக்குத் தக்காளி.

ஆடிப்பட்டம் தேடி வெதைன்னு சொல்றது ஊருக்கெல்லாம் தெரியும், ஆனா கோடைக் காய்க்கு தை கடைசி தான் எங்க பட்டம். அப்பப் போட்டாத்தான் சித்திரை வெயிலு வர்றதுக்குள்ள செடி வேரு புடிச்சு நிக்கும். வெண்டை வெதைய ராத்திரி ஊறவெச்சு காலையில ஊனுனா அஞ்சாறு நாள்ல மொளைக்கும், நாப்பத்தஞ்சு நாள்ல காயி. கத்திரிக்கு மட்டும் மார்கழியிலயே நாத்து விட்டு வெச்சிருவாங்க அத்தை.

தண்ணி ஊத்தற விதத்துல தான் பாதி வேல இருக்கு. மேல ஊத்துனா அரைவாசி வெயிலுக்குத்தான் போகும். அதனால மூணு கொடிக்குழியிலயும் ஆளுக்கு ஒரு மண்பானைய கழுத்து வரைக்கும் பொதைச்சிருக்கோம். பழைய பொங்கப் பானைங்க, சுட்ட மண்ணு, வெறும் பானை. அதுல தண்ணி ஊத்தி மேல ஒரு ஓட்டுச் சில்ல மூடி வெச்சிட்டா பானைச் சுவத்துல இருக்கற கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியா தண்ணி கசியும், மண்ணு எவ்வளவு காஞ்சிருக்கோ அவ்வளவு இழுத்துக்கும், ஈரமா இருந்தா கம்முனு இருக்கும். கொடியோட வேரு பானையச் சுத்திப் பின்னிக்கும், வருசக் கடைசியில தோண்டி எடுத்தா பானைக்கு நார்ல சட்டை போட்ட மாதிரி இருக்கும். எங்க போர் தண்ணி உப்பு, அதனால ஓட்டை அடைச்சுக்கும், வருசா வருசம் எடுத்துத் தேங்கா மட்டையில தேச்சு ஊறவெச்சுத்தான் திரும்பப் பொதைக்கோணும். மத்த செடிக்கெல்லாம் மூடாக்கு. மில்லுல இருந்து உமி கொண்டு வருவேன், தென்னை நார்க் கழிவு, கடலைத் தோலு, எது கெடக்குதோ அத நாலு வெரக்கடைக்குப் போட்டு விடுவோம். தென்னை ஓலை மட்டும் போடாதீங்க, எங்க செம்மண்ணுல கரையான் ஏறிரும், ஒரு தடவ கத்திரித் தூரையே தின்னுருச்சு.

அப்பறம் மயிலு. கொங்குச் சீமையில தோட்டம் வெச்சவங்க யாரக் கேட்டாலும் மொத வார்த்தை மயிலுன்னு தான் வரும். விடியால ஆறு மணிக்கு ஆறேழு சேந்து வரும், மொளைச்ச வெண்டைய ஒண்ணொண்ணா நுனி கிள்ளிட்டுப் போயிரும். அத அடிக்கவும் கூடாது, புடிக்கவும் கூடாது, 1972-ஆம் வருசச் சட்டத்துல பாதுகாப்புல இருக்கற பறவை, அடிக்கற மனசும் எங்களுக்கு இல்ல, முருகனோட வாகனம். பழைய சேலைய நீளவாக்குல கட்டி நாலு பக்கமும் சுத்தி விட்டிருக்கோம். மொளைச்ச மொத மூணு வாரம் தாண்டிட்டாப் போதும், அப்பறம் செடி பொழைச்சுக்கும். என் கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர் சேலை ஒண்ணு அதுல இருக்கு, சாயம் வெளுத்துப்போச்சு, ஆனாலும் காத்துல அது ஆடறதப் பாக்கறப்ப மனசுக்கு நல்லாத்தான் இருக்கு.

பூச்சிக்கு மருந்துக் கடைக்குப் போறதில்ல. கத்திரியில நுனி மட்டும் திடீர்னு தொவண்டு தொங்குச்சுன்னா உள்ள புழு இருக்குதுன்னு அர்த்தம், அப்பவே ஒரு சாண் கீழ கிள்ளி அடுப்புல போட்டுருவோம், விட்டா அது காய்க்குள்ள போயிரும். தினமும் காலையில இத ஒரு ரவுண்டு பாத்துட்டா வேற ஒண்ணும் வேணாம். வெண்டையில எல நரம்பெல்லாம் மஞ்சளா மாறுச்சுன்னா அது வெள்ளை ஈ கொண்டு வர்ற நோயி, மருந்து அடிச்சாலும் திரும்பாது, செடியப் புடுங்கிர வேண்டியது தான், பாவம் பாத்து விட்டு வெச்சீங்கன்னா இருவது செடிக்கும் பரவிரும். வெள்ளை ஈக்கு ஒரு மஞ்சத் தகரத்துல வெளக்கெண்ணையத் தடவி செடி ஒசரத்துக்குத் தொங்க விட்டிருக்கேன், மஞ்சளப் பாத்து வந்து ஒட்டிக்கும். போன ஆடியில பொறுக்கி வெச்ச வேப்பங்கொட்டைய இடிச்சு, லிட்டருக்கு 50 கிராம் கணக்குல ராத்திரி ஊறப்போட்டு, துணியில வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேத்து பத்து நாளைக்கு ஒருக்கா பொழுதோட தெளிப்பேன். பஞ்சகவ்யம் எங்கூட்டு மாட்டுலயே ஆகுது. பக்கத்துல கொடுமுடி டாக்டர் நடராஜன் தான் அத விவசாயிங்களுக்கு எடுத்துட்டுப் போனவரு. பத்து லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி, அதுக்கு மேல வேண்டியதில்ல.

இதெல்லாம் வேல. ஆனா எனக்கு ரொம்பப் புடிச்ச நேரம் சாயங்காலம் அஞ்சரை மணிங்க. பீர்க்கம்பூ பொழுதோட தான் விரியும், அது எத்தன பேருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியல, நானே முப்பது வயசுக்கு மேல தான் கவனிச்சேன். அரசாணிப் பூ அப்படியே நேர் மாறு, பொழுது கெளம்பறதுக்கு முன்னாடி விரிஞ்சு ஒம்பது பத்து மணிக்கெல்லாம் சுருங்கிரும், அதுக்குத் தேனீ வந்துரும். பீர்க்கனுக்கு சாயங்காலமா வர்ற பூச்சிங்க தான், எங்க பக்கம் வெயிலு கொடுமையில அதுக ரொம்பக் கம்மி. வெயிலு ஏற ஏற கொடியில ஆம்பளப் பூவா எச்சாப் பூக்கும், பொம்பளப் பூ ஒண்ணு ரெண்டு தான் வரும். கொத்துக் கொத்தா நிக்கறது ஆம்பளப் பூ. பொம்பளப் பூ ஒத்தையா இருக்கும், பூவுக்குப் பின்னால சுண்டுவெரல் நீளத்துக்கு ஒரு குட்டிப் பீர்க்கங்கா, அதுல வரி கூட விழுந்திருக்கும். சின்னவன் தான் கண்டுபுடிப்பான். “அம்மா, பொண்ணு ஒண்ணு விரிஞ்சிருச்சு, சீக்கிரம் வா”ன்னு மாட்டுக்கொட்டாயில இருந்தே கத்துவான். ஒரு ஆம்பளப் பூவப் பறிச்சு, மஞ்ச இதழ மெல்லக் கிள்ளி விட்டுட்டு, நடுவுல இருக்கற மகரந்தத்த பொம்பளப் பூவோட நடு மொட்டுல மெல்ல ஒத்தி ஒத்தி எடுக்கோணும், தேய்க்கக்கூடாது. விரல் நுனியில மஞ்சத் தூளு ஒட்டிக்கும், ஒரு வாசம் வரும் பாருங்க, வெள்ளரிப் பிஞ்சு வாசமும் மழை ஈரமும் கலந்த மாதிரி. ஒத்துனது தெரியறதுக்கு அந்தக் காம்புல ஒரு நூலக் கட்டி விடுவோம். ரெண்டு நாள்ல அந்தக் குட்டிக்காய் தல கீழாத் தொங்க ஆரம்பிச்சா புடிச்சிருச்சுன்னு அர்த்தம். மஞ்சளாகி சூம்பிப்போச்சுன்னா புடிக்கல. போன கோடையில ரெண்டு கொடியில 34 காயி எடுத்தோம், அதுல 20க்கு மேல நூல் கட்டுன காயி.

இப்ப சமையலுக்கு வர்றேன். எங்கூட்டுல கோடையில இன்னைக்கு என்ன கொழம்புன்னு யாரும் முன்கூட்டியே கேக்கறதில்ல. காலையில கூடை உள்ள வரோணும், அதப் பாத்துட்டுத்தான் அத்தை முடிவு பண்ணுவாங்க. வெண்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிச்சே ஆகோணும், ஒரு நாள் தப்புனா நாரேறிரும், நுனிய ஒடிச்சா பொட்டுனு ஒடியோணும், வளைஞ்சுதுன்னா வெதைக்குத்தான். அதனால வெண்டை வந்த நாள் வெண்டை தான், ஆசையிருந்தாலும் இல்லீனாலும். இருவது செடியில ஒரு நேரத்துக்கு அரைக் கிலோ தேறும், அஞ்சு பேருக்கு அது சரியான அளவு. கத்திரி நெறையா வந்துச்சுன்னா கடைசல், சின்ன வெங்காயம், பச்சை மொளகா, புளி போட்டு வேகவெச்சு மண்சட்டியில மத்தால கடைஞ்சு, காலையில இட்டிலிக்கும் அதே, மத்தியானம் சோத்துக்கும் அதே.

ஆனா கத்திரியும் தட்டப்பயறும் ஒண்ணாச் சேர்ற நாள் இருக்கே, அதுக்காகவே நான் இந்தத் தோட்டம் வெக்கறேன்னு சொல்லலாம். ஓரமா நாலு செடி வெச்சது எதுக்குன்னு நெனச்சீங்க. தட்டங்காய் பச்சையா கொஞ்சம் பொரியலுக்குப் பறிச்சது போக மிச்சத்தக் கொடியிலயே காயவிட்டு பயறா எடுத்துக்குவோம். அந்தப் பயற வெறுஞ்சட்டியில வாசம் வர்ற வரைக்கும் வறுத்துட்டு வேகவெக்கோணும், வறுக்காமப் போட்டா கொழம்பு கொழகொழன்னு ஆயிரும். மல்லி ரெண்டு ஸ்பூன், வரமொளகா ஆறு, சீரகம், நாலு மொளகு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், எல்லாத்தையும் கொஞ்சம் எண்ணெயில வதக்கி, கடைசியா அரை மூடித் தேங்காயப் போட்டு எறக்கி நைசா அரைச்சுக்கோணும். கத்திரிக்காய முழுசாப் பிரிஞ்சு போகாம நாலாக் கீறி, எண்ணெயில தோலு சுருங்கற அளவுக்கு வதக்கி, வெந்த பயறோட சேத்து, புளித் தண்ணி விட்டு, அரைச்சது விட்டு, கொதி வந்ததும் தீயக் கொறச்சிரோணும். நாங்க தக்காளிக்குப் பதிலா ரெண்டு துண்டு மாங்கா போடுவோம், கொட்டையோட. சட்டி ஓரத்துல எண்ணெ பிரிஞ்சு வர்றப்ப கருவேப்பிலைய உருவிப் போட்டு மூடி வெச்சுட்டா அரை மணி நேரம் யாரும் தொடக்கூடாது. செடியில இருந்து பறிச்சு ஒரு மணி நேரம் ஆகாத கத்திரிக்கா அந்தக் கொழம்புல வெண்ணெ மாதிரி இருக்கும், கடிக்க வேண்டியதே இல்ல. சந்தையில வாங்குன கத்திரியில எத்தனையோ தடவ செஞ்சு பாத்துட்டேன், அந்தப் பதம் வரவே இல்லைங்க.

கொடத்த எண்ணி ஊத்த ஆரம்பிச்சதுக்கு அப்பறம் எனக்கு ஒரு மாத்தம் வந்துச்சு. காயில எதையும் தூக்கிப் போட மனசு வரமாட்டேங்குது. ஒவ்வொரு காய்க்கும் எத்தன நாள் எத்தன கொடம்னு கை ஞாபகம் வெச்சிருக்கு. பீர்க்கங்கா சீவுன தோலு துவையலுக்கு. உளுந்து, வரமொளகா, துளி புளி, ஒரு சில்லு தேங்கா, தோல எண்ணெயில நல்லா சுருள வதக்கிட்டு அம்மியில அரைச்சா சுடுசோத்துக்கு நல்லெண்ணெ விட்டு அது ஒண்ணே போதும், என் பெரியவ பீர்க்கங்கா கூட்ட ஒதுக்கி வெப்பா, துவையலுக்கு அடிச்சுக்குவா. அரசாணிக்காய்க்கு உள்ள இருக்கற வெதைய சாம்பல்ல பெரட்டிக் காயவெச்சு, வெதைக்குப் பத்து எடுத்து வெச்சுட்டு மிச்சத்த வறுத்து உரிச்சுத் திம்போம். கொடி நுனியில கொழுந்து எலைய கிள்ளி கீரையோட சேத்துக் கடைஞ்சிரலாம். தண்டங்கீரையில எலை கடைசலுக்கு, தண்டு மறுநாள் பருப்புல. அரிசிம்பருப்புச் சோறு ஆக்கற அன்னைக்கு முத்துன கத்திரி நாலு இருந்தா அதுலயே வெட்டிப் போட்டுருவோம், அதுக்குத் தொட்டுக்க தயிரும் ஊறுகாயும் தான். மிஞ்சுன காம்பு, நரம்பு மாட்டுக்கு. மாடு சாணி போடும், சாணி மக்கி கார்த்திகையில குழிக்கு வரும். காங்கேயம் மாடு ரெண்டு நிக்குது, பால் கொறச்சல் தான், ஆனா கொறங்காட்டுப் புல்லத் தின்னே இந்த வெயிலத் தாங்குது, அதுங்க சாணிக்கு ஈடு நான் பாத்ததில்ல.

மே 4-ஆம் தேதி அக்னி நட்சத்திரம் பொறந்துட்டா பத்து மணிக்கு மேல அடுப்புப் பக்கம் போகவே முடியாது. காலையில எட்டு மணிக்குள்ள கொழம்பு எறக்கிருவோம், மத்தியானத்துக்கு ரசம் பச்சைப்புளி ரசம். புதுப் புளியக் கரைச்சு, சின்ன வெங்காயம், பச்சை மொளகா, கொத்தமல்லி, உப்பு எல்லாத்தையும் கையாலயே நசுக்கிப் பெசஞ்சு அதுல விட்டு, கடுகு மட்டும் தாளிச்சுக் கொட்டுனா முடிஞ்சுது, கொதிக்கவே வெக்கக் கூடாது. வேகாத வெயில்ல மில்லுல இருந்து சைக்கிள்ல வந்து நெழல்ல உக்காந்து ஒரு டம்ளர் அப்படியே குடிச்சா கண்ணுல இருக்கற எரிச்சல் கூட எறங்கும். ராத்திரிக்கு கம்மஞ்சோறு மோர் விட்டு. தொட்டுக்க வத்தல்.

வத்தல்னதும் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. கொத்தவரை சித்திரையில மத்ததெல்லாம் வாடுன நேரத்துல தான் கொத்துக் கொத்தாக் காய்க்கும், தின்னு தீராது. ஒரு ஞாயித்துக்கெழம ரெண்டு கிலோ பறிச்சு, அத்தை உப்பு, மஞ்சத்தூளு, புளிச்ச மோர் போட்டு முக்கால் வேக்காட்டுல எறக்கி, வடிகட்டி, வாசல்ல கயித்துக் கட்டில்ல வெள்ளை வேட்டிய விரிச்சுப் பரப்புனாங்க. மொத நாள் சாயங்காலம் பாதியாச் சுருங்கிருச்சு. ராத்திரி திரும்ப அந்த மோருலயே ஊறப்போட்டு மறுநாள் திரும்பவும் வெயிலு. நாலாவது நாள் கையில எடுத்தா கலகலன்னு சத்தம், கரும்பச்சையா, நூலு மாதிரி. நான் பழக்க தோசத்துல மில்லுல இருந்து கொண்டு வந்த சின்ன தராசுல வெச்சுப் பாத்தேன், அரைக் கிலோ கூடத் தேறல. ஒண்ணரைக் கிலோவுக்கு மேல வெறும் தண்ணி. மாசி பங்குனி சித்திரைன்னு தெனமும் அரைக் கொடம் அரைக் கொடமா நான் அந்தச் சாலுக்கு ஊத்துனது, செடி ஏறி, காயில தங்கி, இந்த வேட்டியில இருந்து நாலு நாள்ல ஆகாசத்துக்குப் போயிருச்சு. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னுட்டு இருந்தேன். அத்தைகிட்ட சொன்னேன். “போகட்டும் கண்ணு, ஐப்பசியில அதுவே திரும்ப வரும்”னு சொல்லிட்டு டப்பாவுல அள்ளிப் போட்டு மூடுனாங்க. ஐப்பசி அடைமழையில, காயே இல்லாத ஒரு நாள், அந்த வத்தல எண்ணெயில பொரிச்சு எடுத்தாங்க. வெளிய மழை கொட்டிட்டு இருந்துச்சு, பச்சைப் பக்கெட்டு ஓட்டுத் தாழ்வாரத்துக்குக் கீழ நெறஞ்சு வழிஞ்சுட்டு இருந்துச்சு.

இந்த வருசம் ஆனிக் காத்து ஆரம்பிச்சதும் கொடியெல்லாம் அடங்கிருச்சு. கத்திரி மட்டும் கவாத்து பண்ணி விட்டிருக்கோம், ஆடித் தூறலுக்குத் துளிர்க்கும். பீர்க்கன்ல மொதல்ல புடிச்ச நேரான ரெண்டு காய வெதைக்குன்னு சேப்பு நூல் கட்டிப் பறிக்காமயே விட்டிருந்தோம், அது காஞ்சு பழுப்பாகி, காத்து அடிக்கறப்பல்லாம் வெதை உள்ள கிலுகிலுன்னு சத்தம் போட்டுட்டு இருந்துச்சு. நேத்துப் பறிச்சு நுனிய ஒடிச்சு ஒரு மொறத்துல தட்டுனோம். கருப்பு வெதை, ரெண்டு காயிலயும் சேத்து சின்னவன் எண்ணுனான், 173. சாம்பல்ல பெரட்டி துணியில முடிஞ்சு அடுப்பு மேல பரண்ல வெச்சாச்சு, பக்கத்து ஊட்டு அக்கா அஞ்சு கேட்டாங்க, எட்டாக் குடுத்தேன். தோலு உரிச்சா உள்ள நாரு வலை மாதிரி முழுசா வந்துச்சு. அத ரெண்டா வெட்டி, ஒண்ணு குளிக்கறதுக்கு, ஒண்ணு அத்தை பாத்திரம் தேய்க்கறதுக்கு. இன்னைக்குக் காலையில அத வெச்சுத்தான் பருப்புச் சட்டியத் தேச்சாங்க, கடைசி அலசல் தண்ணிய பச்சைப் பக்கெட்டுல ஊத்துனாங்க.